கால் படாமல் வந்த மாப்பிள்ளை

எங்கள் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளை நிறுத்தவே முடியாது என்று பாளையங்கோட்டை முழுவதும் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த வண்டி ஒவ்வொரு நாள் சாயங்காலமும் எங்கள் வாசலில் வந்து நின்றதை ஊரே பார்த்தது. பார்த்த பிறகும் நம்பியது. நானும் நம்பினேன். எனக்கு அப்போது எட்டு வயது, அதனால் என்னை மன்னித்துவிடலாம். ஊருக்கு என்ன வயது என்று தெரியவில்லை.

வண்டி சித்தப்பாவுக்குச் சொந்தம் அல்ல. அவர் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அங்கே டாக்டராக இருந்த துரை, சீமையில் சண்டை தொடங்கியதும் பட்டாளத்துக்கு வைத்தியம் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். போகும்போது வண்டியைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்து, வாரம் தவறாமல் ஆற்றங்கரை ஊர்களுக்கு மருந்து போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டியின் இடது பக்கத்தில் பிரம்பால் முடைந்த ஒரு கூடை, தனிச் சக்கரத்தோடு பூட்டியிருக்கும். முன்பு அதில் துரைசானி அம்மாள் குடையோடு உட்கார்ந்து போவாள். அவளும் கப்பலேறிய பிறகு, அந்த இடத்துக்கு மருந்துப் பெட்டி வந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பெட்டிக்குப் பக்கத்தில் நானும் வந்தேன். ரப்பர் உருண்டையைப் பிசைந்தால் வாத்து மாதிரிக் கத்தும் ஒரு ஹாரன் உண்டு. அதை அமுக்குவது என் உத்தியோகம். அந்த வயதில் நான் பார்த்த உத்தியோகத்தைப் போல் பிறகு எதுவும் எனக்கு அமையவில்லை.

நிறுத்த முடியாத கதை கிளச்சுக் கம்பி அறுந்ததிலிருந்து ஆரம்பமாகிறது. இடது கைப்பிடியில் இருக்கும் கிளச்சைப் பிடித்தால் இஞ்சின் வேறு, சக்கரம் வேறு என்று பிரிந்து நிற்கும். அந்த நேரத்தில் கியரை மாற்றிக்கொள்ள வேண்டும். பிரித்துவிட ஆள் இல்லை என்றால் உள்ளே இருக்கும் பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கரகரவென்று அலறும். புதுக் கம்பி சீமையிலிருந்து வர வேண்டும். சீமைக் கப்பல்களுக்கோ அப்போது வேறு வேலை இருந்தது. உள்ளூர்க் கொல்லர் முறுக்கிக் கொடுத்த கம்பி அரை நாள் தாங்கி அறுந்தது. ஆற்றங்கரை ஊர்களில் காய்ச்சல்காரர்கள் மருந்துக்குக் காத்திருந்தார்கள். சித்தப்பா ஒரு நாள் முழுவதும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் கிளச்சு இல்லாமலே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு அவருக்கு உதவியது காதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர் அவர். கியர் தண்டு பெட்ரோல் தொட்டிக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும்படி நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, பெட்ரோலைச் சற்றுக் குறைப்பார். இஞ்சினின் சத்தம் கீழே இறங்கும். அது இறங்கி வரும் வழியில் இஞ்சினும் சக்கரமும் ஒரே வேகத்துக்கு வரும் இடம் ஒன்று உண்டாம். அந்த இடத்தில் தள்ளினால் தாழ்ப்பாள் விழுவதுபோல் கியர் ‘டொக்’கென்று விழுந்துவிடும். கியரை இறக்கும்போது, மாறாக, சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும்.

“முந்தினா கடிக்கும், பிந்தினா விழாது. அது கேக்கிற நேரத்துல பைய குடுக்கணும்” என்பார்.

வண்டி கேட்பது எனக்கும் கொஞ்ச நாளில் காதில் விழத் தொடங்கியது. அந்த இடம் வரும்போது நான் கூடைக்குள் காலால் தட்டுவேன். அதே நேரத்தில் கியர் விழும். என் தட்டுதலால்தான் கியர் விழுகிறது என்று எனக்கு ஒரு எண்ணம். சித்தப்பா அதை மறுத்ததே இல்லை.

உண்மையில் வண்டியை நிறுத்துவதில் ஒரு கஷ்டமும் கிடையாது. கைப்பிடியில் ஒரு சின்ன விசை இருந்தது. அதை அமுக்கினால் இஞ்சின் பெருமூச்சு விட்டு அடங்கிவிடும். மறுபடி கிளப்புவதுதான் பெரும்பாடு. சரிவில் உருட்டிவிட வேண்டும், அல்லது நாலு பேர் தள்ள வேண்டும். ஆஸ்பத்திரி வாசலும் எங்கள் வீட்டு வாசலும் சரிவில் இருந்தன, அங்கே கவலை இல்லை. சரிவு இல்லாத இடங்களில் சித்தப்பா நிறுத்துவதில்லை. நிறுத்தினால் கிளப்புவது கஷ்டம் என்று அவர் யாரிடமோ சொன்னது, கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் நிறுத்தவே முடியாது என்று ஆகிவிட்டது. அவர் திருத்தப் போகவில்லை. கடைக்காரர்கள் தூரத்திலேயே சத்தம் கேட்டு, “ஏலே, கம்பவுண்டர் வாராரு, மாட்டைப் பிடி” என்று வழிவிட்டார்கள். மருந்து கேட்கிறவர்கள் கூடவே ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே தங்கள் வயிற்றுப்போக்கின் விவரத்தைச் சொன்னார்கள். மத்தியானம் எங்கள் தெருமுனை வழியாகப் போகும்போது அம்மா தூக்குச்சட்டியோடு அங்கே தயாராக நிற்பாள். வண்டி வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பத்தடி கூடவே ஓடி, சட்டியை என் கையில் கொடுப்பாள். ஒரு நாள் ரசம் முழுவதும் என் தலையில் கொட்டியது. அன்றைக்கும் வண்டி நிற்கவில்லை.

அந்த வருஷம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் அது பிந்திப்போன வயது. ஏன் பிந்தியது என்பதை இப்போது சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருக்கு அம்மை போட்டிருந்தது. உயிர் பிழைத்தார், முகம் பிழைக்கவில்லை. நெற்றியிலிருந்து தாடைவரை தழும்புகள், இடது கன்னத்தில் குழி குழியாக இன்னும் அதிகம். பெண் கேட்ட இடங்களிலெல்லாம் அவருடைய உத்தியோகம் பிடித்தது, ஆர்மோனியம் பிடித்தது. பெண் மட்டும் கிடைக்கவில்லை. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. கூடையில் உட்கார்ந்து தினம் தினம் அந்த இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டு போன எனக்கு, அதில் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறது என்று அப்போது தெரியாது. சித்தப்பாவின் முகம் சித்தப்பாவின் முகமாக இருந்தது, அவ்வளவுதான்.

பெண்ணுக்கு ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊர். தகப்பனார் இல்லாத பிள்ளை. வாழை பயிரிடும் தாய்மாமன் ஒருவர் வளர்த்து ஆளாக்கியிருந்தார். அவர் பாளையங்கோட்டைக்கு வந்து சித்தப்பாவைப் பார்த்தார், ஆஸ்பத்திரியைப் பார்த்தார், வண்டியையும் பார்த்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பாவிடம், “ஆம்பிளைக்கு முகம் எதுக்கு வே, சம்பாத்தியம் போதும்” என்று சொல்லி முடித்துவிட்டார். ஊருக்குப் போய் மருமகளிடம் உத்தியோகத்தைச் சொன்னார், வண்டியைச் சொன்னார். மற்றதைச் சொல்லவில்லை. பிள்ளையிடம் எல்லாவற்றையுமா சொல்லிக்கொண்டிருக்க முடியும் என்று அவரே பிறகு ஒரு தடவை அப்பாவிடம் சொன்னாராம்.

லெந்து காலம் முடிந்து ஈஸ்டரும் கழிந்ததும் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். இன்ன ஊர் இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை சொல்ல வேண்டியவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊர்க் கோயில்களிலும் வாசிப்பார்கள். மூன்றாவது வாசித்துவிட்டால் முடிந்தது, பிறகு யாரும் வாய் திறக்க இடமில்லை. முதல் ஓலை வாசித்த நாளிலிருந்து கல்யாண நாள்வரை, மாப்பிள்ளை பெண்ணின் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. அது எந்த வேதவசனத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. வேதவசனத்தை மீறினாலும் மன்னிப்பு உண்டு, இதை மீறினால் சம்பந்தமே முறிந்துவிடும்.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பா அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். நான் பத்தமடைப் பாயில் தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.

“அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா அண்ணே?” என்று கேட்டார்.

எது என்று அப்பா கேட்டார். சித்தப்பா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

“அது கேக்கல, அவங்க சொல்லல” என்றார் அப்பா.

“மூணாவது ஓலைக்கு முன்னால தெரியணும். வேண்டாம்னு சொல்லணும்னா அதுக்குள்ள சொல்லணும்லா. பொறவு தெரிஞ்சு அது என்ன செய்யும்?”

சும்மா கிடலே, வருவதைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அப்பா சொல்லிவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார். ஆள் அனுப்பிச் சொல்லச் சொன்னாலும் அப்பா அனுப்பமாட்டார். மாமன்காரரிடம் சொன்னால் அவர் அந்தச் சேதியை வீட்டுக்குள்ளே போகவிடமாட்டார். சித்தப்பா எழுந்து போனார்.

நான் பார்த்தது அவர் கன்னத்தைத் தொட்டதை. அவருக்குப் பல்வலி என்று நினைத்தேன். கல்யாணத்துக்குள் ஒரு பல்வலியைச் சொல்லி அனுப்ப வேண்டுமா என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் கல்யாண விஷயமாகப் பெரியவர்கள் அந்த நாட்களில் செய்தது எல்லாமே எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. என் கவலை வேறு. கல்யாணம் ஆனால் கூடையில் சித்திதான் உட்காருவாள், உனக்கு இனி அங்கே என்ன வேலை என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் முகம் தெரியாத அந்தச் சித்தியைத் தினமும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடம் விடுமுறை. வியாழக்கிழமை ஸ்ரீவைகுண்டத்துக்கு மருந்து கொண்டுபோகும்போது சித்தப்பா என்னையும் ஏற்றிக்கொண்டார். அணைக்கட்டுப் பக்கம் ஆற்றங்கரை மேட்டில் நிறுத்தி, மருந்தை இறக்கிக் கொடுத்துவிட்டு, சரிவில் உருட்டி வண்டியைக் கிளப்பினார். திரும்பி வீட்டுக்குப் போகாமல், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போன ஒரு வண்டிப்பாதையில் திருப்பினார். பல் இன்னும் வலிக்கிறதா என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை.

“ஏட்டி, ஒரு ஊருக்குள்ள போவப் போறோம். வண்டி அங்கன நிக்காது. நீ ஹாரனை அமுக்குறத விடப்பிடாது” என்றார்.

“ஏன் நிக்காது?”

“கிளச்சு இல்லல்லா.”

எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பிசான நெல் அறுவடை முடிந்து வீட்டுக்கு வீடு நெல் அவித்துக்கொண்டிருந்த சமயம். அந்த ஊரில் கோயிலைச் சுற்றி ஒரே தெரு. கோயிலுக்கு எதிரே நாலு பக்கமும் வீடுகள். வீட்டுக்கு முன்னால் தெருவின் அகலத்துக்கு அவித்த நெல்லைப் பரப்பியிருந்தார்கள். பெண்கள் முக்காடிட்டுக்கொண்டு காலால் நெல்லைத் துழாவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதற்குள்தான் நுழைந்தோம். நான் ஹாரனைப் பிசைந்தேன். கோழிகள் கூரைமேல் ஏறின. கட்டிலில் படுத்திருந்த ஒரு பெரியவர் கட்டிலுக்கு அடியில் போனார். சக்கரத்துக்குக் கீழே நெல் நறநறவென்று நொறுங்கியது. பையன்கள் எங்கிருந்தோ முளைத்து, “மாப்பிள்ளை வண்டி, மாப்பிள்ளை வண்டி” என்று பின்னால் ஓடி வந்தார்கள்.

“நிறுத்த முடியாது, கிளச்சு இல்ல” என்று சித்தப்பா பொதுவாக எல்லோருக்கும் அறிவித்தார். ஒவ்வொரு மூலையிலும் கியரை இறக்கி, திரும்பியதும் ஏற்றினார். நான் காலால் தட்டினேன். எல்லாம் சரியாக விழுந்தது. தூசிக்குப் போடும் பெரிய தோல் கண்ணாடி அவருடைய முகத்தில் பாதியை மூடியிருந்தது. தலையில் துரை விட்டுப்போன தொப்பி. ஒரு சுற்று முடிந்து, வந்த வழியாக வெளியே போய்விடுவோம் என்று நினைத்தேன். அவர் போகாமல் மறுபடியும் கோயிலைச் சுற்றினார். நாங்கள் கோயிலைச் சுற்றுகிற ஜாதி அல்ல என்பதால் ஊர் இன்னும் கலங்கியது.

கோயிலுக்குப் பின்புறம் ஆள் இல்லாத இடத்தில், சித்தப்பா தொப்பியைக் கழற்றிக் கூடைக்குள் எறிந்தார். பிறகு அந்தக் கண்ணாடியையும் கழற்றி என் மடியில் போட்டார். எத்தனையோ நாளாக நான் கெஞ்சிக் கேட்டும் தராத கண்ணாடி. உடனே மாட்டிக்கொண்டேன். காதுவரை வந்தது. மூலை திரும்பி, பெண்கள் நின்றிருந்த பக்கத்துக்கு வந்தோம். அவர் பாதையைப் பார்க்காமல், வீடுகள் இருக்கும் இடது பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். பட்டை வெயில். உமித்தூசி புகைபோல் எழும்பி அவர் கண்ணுக்குள் போனது. நான் காலால் தட்டினேன். கியர் விழவில்லை. கரகரவென்று அது கடித்த சத்தத்தில் கோயில் மாடத்துப் புறாக்கள் கிளம்பின. நான் பார்த்தவரை சித்தப்பா தப்பவிட்டது அந்த ஒரு தடவைதான். கண்ணாடியைக் கழற்றியதால் வந்த வினை என்று நினைத்தேன்.

எப்படியோ கியரைப் போட்டு மூன்றாவது சுற்றும் வந்தார். அப்போது அந்தப் பக்கத்தில் நெல் இல்லை. நெல் இருந்தது, ஆனால் நடுவில் எங்கள் வண்டியின் அகலத்துக்கு, கூடைச் சக்கரத்துக்கும் சேர்த்து, தரை தெரியும்படி ஒதுக்கியிருந்தது. பாதையின் ஓரத்தில் உயரமான ஒரு அக்கா பெருக்குகிற வாரியலோடு நின்றிருந்தாள். மற்ற பெண்கள் எல்லாம் வாசலுக்குள் போயிருந்தார்கள். நாங்கள் அந்தப் பாதையில் ஒரு குலுக்கல் இல்லாமல் போனோம். கியர் ‘டொக்’கென்று விழுந்தது. அப்படியே ஊரைவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

ஒரு வாய்க்கால் மேட்டில் நிறுத்தி சித்தப்பா முகம் கழுவினார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கழுவக் கழுவ வடிந்தது. பிறகு, கடைசியில் பாதை நன்றாக இருந்ததே, அங்கே நெல் இல்லையா என்று என்னிடம் கேட்டார். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. ஒரு அக்கா நெல்லைத் தூத்து ஒதுக்கிவிட்டாள் என்று சொன்னேன்.

“எந்த அக்கா? எப்படி இருந்தா?”

“வாரியல் வச்சிருந்தா.”

“சிரிச்சாளா, கோவமா இருந்தாளா?”

எனக்கு எப்படித் தெரியும்? நான் ஹாரன் அமுக்கிக்கொண்டிருந்தேன். தவிர, கண்ணாடி வழியாக எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. அதைச் சொன்னேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் மாமன்காரர் வந்துவிட்டார். வில்வண்டியிலிருந்து இறங்கும்போதே முகம் சரியில்லை. அம்மா கொடுத்த பானகத்தைத் தொடவில்லை. மறுநாள் மூன்றாவது ஓலை. சித்தப்பா தூணோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் முகத்தில் இரண்டு நாளாக ரத்தமே இல்லை. அப்பாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. ஓலை வாசித்த பிறகு மாப்பிள்ளை ஊருக்குள் வரலாமா, வந்து பெண்ணைப் பார்க்கலாமா, பார்த்துவிட்டுப் போன பிறகு நாலு பேருக்கு நான் என்ன பதில் சொல்ல என்று மாமன்காரர் அடுக்கிக்கொண்டே போனார். கோயிலைச் சுற்றியதையும் நொறுங்கிப்போன நெல்லையும் சேர்த்துச் சொன்னார். வண்டி நிற்காத வண்டி, வேண்டுமென்று செய்திருக்கமாட்டான் என்று அப்பா தடுமாறினார். கடைசியில், கூடப் போனது இந்தப் பிள்ளைதான், இவளையே கேட்போம் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் நடுவில் போய் நின்றேன். கூடை என் கையில் இருப்பது தெரிந்தது. கல்யாணம் நின்றுவிட்டால் கூடை எனக்கு. ஆனால் தூணோரம் பார்த்தபோது, சித்தப்பா கோயிலில் முழங்காலில் நிற்கும்போது இருப்பதுபோல் இருந்தார். என்னால் கூடையை நினைக்க முடியவில்லை.

வண்டி நின்றதா என்று மாமன்காரர் கேட்டார். நிற்கவில்லை என்றேன். சித்தப்பா இறங்கினாரா? இல்லை. கால் தரையில் பட்டதா? படவில்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன் என்றேன். அப்பா மூச்சு விட்டார். கால் வைக்கக் கூடாது என்பதுதானே வழக்கம், கால் வைக்கவில்லையே என்று பிடித்துக்கொண்டார்.

“அது சரி அண்ணாச்சி. கண்ணால பாத்தாரா இல்லையா? அதைச் சொல்லச் சொல்லுங்க” என்றார் மாமன்காரர்.

சித்தப்பாவைக் காப்பாற்ற எனக்கு நல்ல பதில் இருந்தது.

“பாக்கவே இல்ல. கண்ணாடியையும் தொப்பியையும் கழத்தி என்ட்ட தந்துட்டாரு. வீட்டுப் பக்கமா மூஞ்சியத் திருப்பி வச்சுக்கிட்டுதான் ஓட்டுனாரு. கண்ணு நிறையத் தூசி. அவருக்கு ஒண்ணுமே தெரியல” என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பயந்துபோனேன். மாமன்காரர் திரும்பிச் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். முதல்முறை வந்தபோது ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுப்போன முகத்தை அன்றுதான் அவர் நிதானமாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர்தான் தலையைக் குனிந்தார். பானகச் செம்பை எடுத்து மெதுவாகக் குடித்தார்.

“எங்க பிள்ளைக்கிட்ட நான் சொல்லியிருக்கணும்” என்றார். பிறகு செம்பைப் பார்த்துக்கொண்டே, “மூணாவது சுத்து வருததுக்குள்ள எல்லாப் பொம்பளையும் உள்ள ஓடிட்டாளுவ. இவ மட்டும் வாரியலை எடுத்து நெல்லை ஒதுக்கிட்டு நிக்கா. தெருவே பாத்துச்சு. ஏன்ட்டி இப்படிச் செஞ்சன்னு கேட்டேன். நிக்க முடியாதவருக்கு வழியாவது விடணும்லான்னு சொல்லுதா” என்றார்.

சித்தப்பா தலையைத் தூக்கினார். “யாரு ஒதுக்குனது?” என்று கேட்டார். அன்று காலை முழுவதும் அவர் பேசியது அது ஒன்றுதான்.

“எங்க பிள்ளைதான். வேற யாரு?”

சித்தப்பா சட்டென்று தூணுக்கு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் இன்னும் தூசி போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நாளைக்கு ஓலை வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டு மாமன்காரர் எழுந்தார். கால் படவில்லை என்ற என் சாட்சியால்தான் கல்யாணம் தப்பியது என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டேன். நெல்லை ஒதுக்கியது எதற்காக என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. கூடையில் ஒரு சின்னப் பிள்ளை குலுங்குகிறதே என்று இரக்கப்பட்டிருப்பாள். அவ்வளவு நல்லவளாக இருந்தால் கூடையில் பாதி இடம் கொடுக்கலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணம் அந்த ஊர்க் கோயிலில்தான் நடந்தது. எல்லோரும் வில்வண்டியில் போனோம், சித்தப்பா மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்தார். கோயில் வாசலுக்கு வந்ததும் சின்ன விசையை அமுக்கினார். வண்டி சாதுவாக நின்றது. தெருவில் நெல்லை எல்லாம் அவசரமாக வாரி எடுத்துக்கொண்டிருந்த ஊர், அப்படியே பார்த்துக்கொண்டு நின்றது.

“நிக்குமா இது?” என்று மாமன்காரர் கேட்டார்.

“இன்னைக்கு நின்னுட்டு மாமா” என்றார் சித்தப்பா.

மாமன்காரர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சாயங்காலம் திரும்பும்போது வண்டியைக் கிளப்பச் சரிவு இல்லை. ஊரே தள்ளியது, முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் தள்ளினார். கூடையில் சித்தி உட்கார்ந்தாள், சித்தியின் மடியில் நான். யாரும் கேட்காமலே சித்தப்பா அந்தக் கண்ணாடியை எடுத்து என் கண்ணில் மாட்டிவிட்டார். எனக்கு வேறு என்ன வேண்டும்?

வாழைத் தோட்டங்களைத் தாண்டி, ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி, ஆற்றோரமாகவே வண்டி போனது. வெயில் தாழ்ந்து எதிரே இருந்தது. சித்தி ஆற்றைப் பார்க்கவில்லை, வயலைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாகச் சித்தப்பாவின் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கியரை எப்போது போடுகிறார் என்று கற்றுக்கொள்ளத்தான் பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. அந்த உத்தியோகத்தையாவது பங்கு போடாமல் இருக்க வேண்டுமே. அதனால் கொஞ்சம் அதிகாரமாகவே, “பாக்க வேண்டாம் சித்தி. சத்தத்தைக் கேட்டாலே போதும்” என்று சொல்லிக்கொடுத்தேன்.

“இருக்கட்டும்ட்டி. நான் பாத்துக்கிட்டே வாரேன்” என்றாள்.

பாளையங்கோட்டை வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள். நான் ஒரு தடவை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவள் பார்த்த இடத்தைப் பார்த்தேன். அங்கே வழக்கமான சித்தப்பாவின் கன்னம்தான் இருந்தது. அதில் அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.